படம் போடுகிற உத்தியோகம்

ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில், நமக்கு ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார். தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த விஷயமானாலும் அதை எடை போட்டுப் பார்த்து, விலாசத்தைச் சரி பார்த்து, முத்திரை குத்திய பிறகுதான் அபிப்பிராயம் சொல்லுவது அவருடைய வழக்கம். சென்ற மாதம் நாம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஓய்! நீர் பத்திரிகைக்காரர். உமக்குத் தெரிந்திருக்க வேண்டும். படம் போடுவது ஓர் உத்தியோகமா?" என்று கேட்டார்.

பத்திரிகைக்காரனைப் பார்த்து இப்படிக் கேட்பது, சமையற்காரரைப் பார்த்து, "உப்பு ஒரு சாமானா?" என்று கேட்பது போலத்தான். ஆனாலும் காப்பி நன்றாயிருந்தபடியால் நாம் கோபித்துக்கொள்ளவில்லை. விஷயம் என்னவென்று விசாரித்தோம்.

விஷயம் இதுதான். சிநேகிதருடைய ஒரே பெண் திருச்சியில் பட்டம் பெற்று, இரண்டு வருஷமாக அங்கேயே ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளும், ஜவுளிக் கடை விளம்பரங்களும், பள்ளிக்கூட மலர்களும் தயாரித்துக் கொடுத்து வந்தாள். கம்ப்யூட்டரில் செய்கிற வேலை. கிராபிக் டிஸைன் என்று இப்பொழுது அதற்குப் பெயர். இப்போது அவளுக்கு இரண்டு இடங்களிலிருந்து ஏக காலத்தில் அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று சென்னையில், பெரிய கம்பெனி. இன்னொன்று பெங்களூரில், ஐந்தே பேர் கொண்ட சிறிய ஸ்தாபனம். சென்னையில் சம்பளம் அதிகம். தங்குவதற்கு மாம்பலத்தில் அத்தை வீடு இருக்கிறது. பெங்களூரில் மாதம் 6,000 ரூபாய் குறைவு. தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பெண் பெங்களூருக்குத்தான் போவேன் என்கிறாள்.

"இதற்குப் பைத்தியம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லுவது?" என்றார் சிநேகிதர்.

* * *

முதலில் அவருடைய முதற் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அலமாரியின் மேல் அவர் இராத்திரி சாப்பிடுகிற மாத்திரை அட்டை கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இது எந்தத் தேதியோடு காலாவதியாகிறது, படியும்" என்றோம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், ஜன்னலண்டை கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். பளபளக்கிற தகட்டில் கடுகு போன்ற எழுத்து. "தினம் குழந்தைதான் படித்துச் சொல்லுகிறாள்" என்று ஒப்புக்கொண்டார்.

படம் போடுகிற உத்தியோகம் ஒழுங்காக நடக்காத இடம் அது. எழுத்தையும் படத்தையும் வர்ணத்தையும் அதனதன் இடத்தில் வைத்து, பார்க்கிறவருக்குச் சட்டென்று செய்தி புரியும்படி செய்வதே இந்தத் தொழில். மண்ணச்சநல்லூரிலிருந்து திருச்சி ஆஸ்பத்திரிக்கு வருகிற கிழவனார், யாரையும் கேட்காமல் எக்ஸ்ரே அறைக்குப் போய்ச் சேர்ந்தாரானால், அங்கே முகம் தெரியாத யாரோ ஒருவர் பலகையை நன்றாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். போய்ச் சேரவில்லையானால் அதற்கும் ஒருவர் பொறுப்பாளிதான்.

* * *

இந்தத் தொழிலுக்காக ஊரை விட்டுப் புறப்படுவதும் புதிய விஷயமன்று. சென்னையில் ஹண்டர் என்ற வைத்தியர் 1850-ஆம் வருஷத்திலேயே கலைப் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். அன்றிலிருந்து, தென்னாட்டுச் சிற்றூர்களிலிருந்து எத்தனையோ வாலிபர்கள் சுருட்டிய காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழும்பூரில் இறங்கியிருக்கிறார்கள்.

தஞ்சாவூரில் 1924-இல் பிறந்த கோபாலன் என்பவர் கும்பகோணம் சித்திரப் பள்ளியில் படித்தவர். 1941-இல் அவர் சென்னைக்குச் சென்று, ஆனந்த விகடனில் படம் போட்டுப் புகழ் பெற்றிருந்த மாலியைப் பார்த்தார். மாலி அவருக்கு நாற்காலி கொடுக்கவில்லை. ஒரு வேலை கொடுத்தார். திருவையாற்றில் தியாகராஜ ஸ்வாமிகள் பூஜித்து வந்த ஸ்ரீராம பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வரும்படி சொன்னார். வாலிபர் வந்த வழியே திரும்பித் திருவையாற்றுக்குப் போய் வரைந்து வந்தார். அது அந்த வருஷத்துத் தீபாவளி மலரில் வெளியாயிற்று. கோபாலனுக்குக் 'கோபுலு' என்ற பெயரும் மாலி வைத்ததுதான். ஆனால் விகடனில் நிரந்தரமான உத்தியோகம் 1945-இல்தான் கிடைத்தது. நடுவில் நான்கு வருஷங்கள்! பிற்பாடு 1963-இல் விளம்பரத் துறைக்குப் போனதும், 1972-இல் சொந்தத்தில் விளம்பர ஸ்தாபனம் தொடங்கியதும், நோயினால் வலது கை தளர்ந்தபோது இடது கையினால் வரைந்ததும் எல்லாம் அந்த முதல் வேலையிலிருந்து வளர்ந்த கதை.

திருச்சி ஜில்லாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1938-இல் இந்த ஜில்லாவின் கிராமம் ஒன்றில் பிறந்த ஆதிமூலம், இருபது வயதைத் தாண்டிய சமயத்தில் சென்னைக்குப் போனார். சிற்பி தனபாலின் வழிகாட்டுதலைப் பெற்று, கலைப் பள்ளியில் சேர்ந்து, 1966-இல் படிப்பை முடித்தார். மகாத்மா காந்தியின் நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் கோடுகளால் தீட்டிய காந்திச் சித்திரங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். தமிழ்ப் புத்தக அட்டைகளிலும் பத்திரிகைத் தலைப்புகளிலும் அவர் எழுதிய எழுத்துக்கள், எழுத்தே ஒரு சித்திரமாகக் கூடும் என்பதைத் தமிழர்களுக்குக் காட்டிக் கொடுத்தன.

மைசூர் ஆர்.கே. லக்ஷ்மணின் கதையையும் சொல்லவேண்டும். அவர் பம்பாயிலுள்ள பிரசித்தி பெற்ற கலைப் பள்ளிக்கு மனுச் செய்தார். தகுந்த திறமை காணப்படவில்லை என்று பதில் வந்தது. அதே பம்பாய்க்குப் பிறகு போய், பத்திரிகைகளில் ஐம்பது வருஷத்துக்கு மேல் நாட்டையே சிரிக்க வைத்தார். பல வருஷங்கள் கழித்து அதே பள்ளி அவரைப் பிரதம விருந்தினராக அழைத்தது. ஆகவே, மறுப்புக் கடிதம் வந்தவர்கள் அதைக் கிழித்து எறியாமல் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் உபயோகப்படலாம்!

* * *

"அந்தக் காலம் வேறு" என்றார் சிநேகிதர். "இப்போது ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டே லண்டனுக்குப் படம் அனுப்பலாமாமே? ஊரை விட்டு ஏன் போகவேண்டும்?"

கேள்வி நியாயமானதுதான். படத்தை அனுப்புவதற்காகப் போகவேண்டியதில்லை என்பது வாஸ்தவம். போதாக் குறைக்கு, வாயால் சொன்னதும் படம் போட்டுத் தருகிற யந்திரங்களும் வந்துவிட்டன. ஒன்று கேட்டால் நூறு தருகின்றன. தமிழ் எழுத்தைப் போடச் சொன்னால் மட்டும் பல சமயங்களில் கொம்பை இடம் மாற்றி வைத்து விழிக்கின்றன. ஆனால் அந்த நூறில் எது நல்லது, எது குப்பை என்று தெரிய வேண்டுமே? அதற்குக் கண் வேண்டும். கண் எங்கிருந்து வரும்?

பெண் அதுவரையில் கூடத்துத் தூணண்டை நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாம் அவளைக் கேட்டோம். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறோம்:

"மாமா, சென்னையில் நாற்பது பேர் இருக்கிறார்கள். ஒரே படத்தை நாற்பது அளவில் வெட்டிக் கொடுக்கிற வேலை. என் வேலையைப் பார்த்து 'இது தப்பு' என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. சீக்கிரம் ஆயிற்றா என்றுதான் கேட்பார்கள். பெங்களூரில் ஐந்து பேர்தான். நேரில் பார்க்கப் போயிருந்தபோது அந்த அம்மாள் என் எழுத்துக்களை மேஜையில் பரப்பி வைத்து, அரை மணி நேரம் ஒவ்வொன்றாகத் தப்புச் சொன்னார்கள். அத்தனையும் சரியான தப்பு."

"தப்புச் சொல்வதற்குப் பெங்களூருக்கா போகவேண்டும்? அதற்கு நான் இல்லையா?" என்றார் தகப்பனார்.

நாம் சிரித்துவிட்டோம். ஆனால் இந்தப் பெண் சொன்னதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. தூர தேசம் போகிற இளைஞர்கள் எல்லாரும் ஊரைப் பார்த்துப் போகிறார்கள். சம்பளத்தைப் பார்த்துப் போகிறார்கள். கம்பெனியின் கண்ணாடிக் கட்டிடத்தைப் பார்த்துப் போகிறார்கள். யாருக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறோம் என்று பார்த்துப் போகிறவர்கள் குறைவு. கோபுலுவுக்கு மாலி கிடைத்தார். ஆதிமூலத்துக்குத் தனபால் கிடைத்தார். சங்கீதத்தில் குருகுலவாசம் என்று சொல்லுகிறோமே, இதுவும் அதுதான். தொழிலின் முதல் இரண்டு மூன்று வருஷங்களில் கை பழகுவதைவிடக் கண் பழகுவதே முக்கியம். அது பக்கத்திலிருந்து பார்த்து வருவது. தபாலிலோ கம்பியிலோ வருவதன்று. கண் பழகிய பிறகு, ஸ்ரீரங்கத்துத் திண்ணையிலிருந்தே உலகத்துக்கு வேலை செய்யட்டும். யார் வேண்டாம் என்கிறார்கள்?

* * *

ஆனால் தூரத்து ஊர் என்றால் ஏமாற்றத்துக்கும் குறைவில்லை. இந்தப் பெண்ணுக்கே ஓர் அநுபவம் உண்டு. சென்ற வருஷம் ஒரு நிறுவனம், பரீட்சை என்று சொல்லி, ஒரு தின்பண்டப் பொட்டலத்துக்குப் படம் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தது. ஒரு வாரம் கண் விழித்துச் செய்து அனுப்பினாள். பதில் இல்லை. நாலு மாதம் கழித்து, சத்திரம் பஸ் நிலையத்தண்டை ஒரு கடையில், அவள் போட்ட படமே பொட்டலத்தில் தொங்கியது! பத்து ரூபாய் கொடுத்து அதை வாங்கி வந்து வைத்திருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த சம்பளம் அதற்குள்ளிருந்த வறுவல்தான்.

ஆகையால் இந்த வேலைக்கு மனுப் போடுகிற யுவர்களுக்கும் யுவதிகளுக்கும் சில வார்த்தைகள். பரீட்சை வைத்தால், அரை நாளில் முடிகிற அளவுக்கு ஒப்புக்கொள்ளலாம். விற்பனைக்கு உதவக்கூடிய முழு வேலையைக் கூலியில்லாமல் கேட்டால், அது பரீட்சையன்று. வேலை தருவதற்கு முன்பணம் கட்டச் சொல்லுகிறவர்கள் வேலை தருகிறவர்கள் அல்லர். சர்ட்டிபிகேட்டுகளின் அசலை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம், நகல் போதும். சம்பளம், வேலை நேரம், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவையெல்லாம் எழுத்தில் வரட்டும். "என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்கள்?" என்று நேரிலேயே கேட்டுவிட வேண்டும். இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் வருகிற இடத்துக்குப் போகாமலிருப்பது உத்தமம்.

மாதிரி வேலைகளைக் காட்டும்போது ஐம்பது படங்களை அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். பார்க்கிறவர் ஐந்தாவது படத்தில் கொட்டாவி விடுகிறார். பத்துப் பன்னிரண்டு போதும். அவற்றிலும், முடிந்த படத்தை மாத்திரம் காட்டாமல், முதலில் கிறுக்கியது எது, அடித்தது எது, ஏன் அடித்தோம் என்பதையும் காட்டினால் விஷயம் தெரிந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கை எப்படிப் போகிறது என்பதைவிட, புத்தி எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அவர்கள் விரும்புகிறார்கள்.

* * *

"அது சரி, அந்த அம்மாள் அரை மணி நேரம் பார்த்தாளே, அப்படி என்ன எழுத்து?" என்று நாம் விசாரித்தோம்.

பெண் உள்ளே போய் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து விரித்தாள். நாம் அசந்து போனோம். எல்லாம் தமிழ் எழுத்துக்கள். அகரம் முதல் னகரம் வரையில், பேனாவின் நுனி தேய்ந்து எழுதியது போன்ற ஒரு ஜாதி எழுத்து. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் நாம் எழுதி வந்த பழைய 'லை'யும் 'ணை'யும், யானைத் துதிக்கையைப் போல மேலே வளைத்துக்கொண்டு அதிலே நின்றன. "இது எங்கே பிடித்தாய்?" என்றோம்.

"பரண்மேல் கம்பியில் கோத்து வைத்திருந்த பழைய கடுதாசிகளில், மாமா. தாத்தா எழுதியது, அத்தை எழுதியது, அப்பா டிரெயினிங்கில் இருந்தபோது பாட்டிக்கு எழுதியது. இந்த 'ழ' அப்பாவினுடையது."

சிநேகிதர் ஒன்றும் பேசவில்லை. காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்த ழகரத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வருஷம் பிறத்தியாருடைய எழுத்தையே பார்த்துக் காலம் தள்ளியவர், தம்முடைய எழுத்தை அன்றைக்குத்தான் பார்த்தார் போலிருக்கிறது.

தூரத்து நகரத்துக்குப் போகிறவர்கள் சொந்த ஊரிலிருந்து எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியாது. பெரிய நகரத்தில் நாகரிகம் ஏராளமாகக் கிடைக்கும். அங்கே கிடைக்காதது நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. 1958-இல் சர்க்காரின் அழைப்பின் பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதிகள் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அதிலே அவர்கள் எல்லாவற்றிற்கும் மேலாகச் சிலாகித்துப் பேசியது தாஜ்மகாலை அல்ல. நாம் தினம் தண்ணீர் மொள்ளுகிற சொம்பை! அந்த அறிக்கையின் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய டிஸைன் கழகம் ஏற்பட்டது.

நம் ரூபாய்க்கு ஒரு சின்னம் வேண்டுமென்று சர்க்கார் போட்டி வைத்தபோது, மூவாயிரத்துக்கு மேற்பட்ட சித்திரங்கள் வந்தன. 2010-ஆம் வருஷம் ஜூலை 15-ஆம் தேதி மத்திய மந்திரிசபை ஏற்றுக்கொண்டது, தமிழரான உதயகுமாருடைய சித்திரத்தை. தேவநாகரி 'ர'வையும் ஆங்கில 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கியது அது. சென்னையில் கட்டிடக் கலை படித்துவிட்டுப் பம்பாய் ஐ.ஐ.டி.க்குப் போனவர் அவர். அத்தனை தூரம் போய் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? தமிழ் அச்செழுத்து!

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர்களுக்கு இந்த விஷயத்தில் தரித்திரமே கிடையாது. சேஷராயர் மண்டபத்துக் குதிரைகள் பாய்கின்ற பாய்ச்சலைப் பார்த்தவனுக்குக் கோட்டின் வேகத்தைப்பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மதில்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுக்கள் இருக்கின்றன. மார்கழி மாதத்தில் சித்திரை வீதியைச் சுற்றி வந்தால், புள்ளி பிசகாமல் இடத்தை நிரப்புவது எப்படி என்பதை வாசலுக்கு வாசல் கற்றுக்கொள்ளலாம்.

* * *

கடைசியாகப் பணத்தைப் பற்றிய பேச்சு வந்தது. பெங்களூரில் வீடு பிடிப்பதென்றால் பல மாத வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்கள். பெண்கள் சேர்ந்து தங்கும் விடுதியில் இடம் பிடித்தாலும், முதல் சம்பளம் வருகிற வரையில் கைச் செலவுக்கு வேண்டும். பாங்கியில் இருக்கும் பணமோ, கல்யாணத்துக்கென்று போட்டு வைத்த டிபாஸிட் ஒன்றுதான். சிநேகிதர் நம்மைப் பார்த்தார்; நாம் மோட்டுவளையைப் பார்த்தோம். பிறத்தியார் வீட்டு டிபாஸிட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுகிற தைரியம் பத்திரிகைக்காரனுக்குக்கூடக் கிடையாது.

சமையலறையிலிருந்து அந்த வீட்டு அம்மாள் வந்தார். "அவள் பேரில் போட்ட பணந்தானே? அவளுக்குத்தானே செலவாகிறது?" என்று சொல்லிவிட்டு, காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாம் இரண்டு மணி நேரம் பேசியது இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

நாம் ஒரே ஒரு யோசனை மட்டும் சொன்னோம். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும்போது கெடு வைத்து அனுப்ப வேண்டும், பயமுறுத்தி அனுப்பக்கூடாது. ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளட்டும். அதற்குள் கண் தேறுகிறதா என்று பார்க்கட்டும். தேறாவிட்டால் திரும்பி வரலாம். அது தோல்வி என்று வீட்டில் ஒருவரும் வாயெடுக்கக்கூடாது. திரும்பி வருவதற்குக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த குழந்தைதான் தைரியமாக எட்டிப் போகும். இந்தப் பிரயாணம் நிச்சயம் ஜயமாக முடியும் என்று நாம் உத்தரவாதம் சொல்லவில்லை. ஐந்து பேர் ஸ்தாபனம் அடுத்த வருஷமே கதவைச் சாத்தவும் கூடும். ஆனாலும் பழகிய கண்ணை யாரும் பிடுங்கிக்கொள்ள முடியாதல்லவா?

அடுத்த வாரம் திருச்சி ஜங்ஷனில் மைசூர் வண்டியில் அவளை ஏற்றிவிட நாமும் போயிருந்தோம். அம்மாள் புளியோதரை மூட்டையைக் கொடுத்தார். தகப்பனார் கொடுத்தது ஒரு பழைய பவுண்டன் பேனா. வண்டி நகர்ந்தது.

திரும்பி வரும்போது சிநேகிதர் வெகு நேரம் மௌனமாயிருந்தார். காவேரிப் பாலத்தைத் தாண்டியதும் திடீரென்று ஒரு கடையின் விளம்பரப் பலகையைக் காட்டி, "ஓய்! அந்த 'ழ'வைப் பாரும். வால் ரொம்பக் குட்டை. இப்படியா எழுதுவது?" என்றார்.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குக் கண் திறந்தால் போதும் போலிருக்கிறது!